ரெப்போவுக்குள் ரெப்போ வைத்தால் மெர்ஜ் எப்படிப் போகிறது? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மதிப்புரை

ரெப்போ என்றால் ஒரு நிரலின் ஃபைல்களும் அவை மாறிவந்த வரலாறும் சேர்ந்த கிடங்கு. ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போ வைத்து வேலை செய்கிறவர்கள் என்றைக்காவது ஒரு நாள் மெர்ஜ் கான்ஃப்ளிக்டில், அதாவது இரண்டு பக்க மாற்றங்களைச் சேர்க்கும்போது வரும் மோதலில், மாட்டுவார்கள். அந்த நேரத்தில், இந்த வரலாற்றைக் காக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருள் நம்மிடம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. கிட், மெர்க்யூரியல், சப்வெர்ஷன் எல்லாம் அந்த வகை மென்பொருள்கள். ரெப்போவுக்குள் ரெப்போ வைக்க அவை தரும் வழிகளான கிட் சப்மாட்யூல், கிட் சப்ட்ரீ, மெர்க்யூரியல் சப்ரெப்போ மூன்றிலும் ஒரே நிரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். சப்வெர்ஷனையும் கொஞ்சம் பார்த்தேன்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எதற்கு இவ்வளவு அக்கறைப்படுகிறேன் என்று புரியும். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு எடைமேடை, கொள்முதல் மென்பொருள் எழுதிக்கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. காய் ஏற்றிய வண்டி ஆலைக்குள் வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விவசாயிக்குப் பணம். தோத்தாபுரி, எங்கள் பக்கத்தில் பெங்களூரா என்பார்கள், அது மளமளவென்று வந்து இறங்கும் ஜூன் மாதத்தில் டிராக்டரும் லாரியும் வாசலைத் தாண்டி ரோட்டில் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில் எடைமேடை நிரலில் போன வாரம் சேர்த்த திருத்தம் ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போனால், அது ஒருவருடைய சீட்டில் குறைந்த எடையாகப் போய் நிற்கும்.

நிரல் மூன்று அடுக்காக இருக்கிறது. வெளியே ஒவ்வொரு ஆலைக்குமான ரெப்போ. அதற்குள் எல்லா ஆலைக்கும் பொதுவான எடைமேடை நூலகம் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு). அதற்குள் சீரியல் போர்ட்டிலிருந்து எண்ணைப் படிக்கும் சின்ன நூலகம் இன்னொன்று. கடைசி இரண்டும் தனித்தனி ரெப்போக்கள்.

சோதனைக்காக எடைமேடை நூலகத்தில் ஒரே இடத்திலிருந்து இரண்டு மாற்றங்களைக் கிளைக்க வைத்தேன். முதல் மாற்றம், மேடையில் வண்டி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே எடையைப் பிடித்துவிடாமல், ஒரே எண் தொடர்ந்து வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளும் திருத்தம். ஆலை ரெப்போவின் மெயின் பிராஞ்ச், அதாவது முதன்மைக் கிளை, இதைச் சுட்டியது. அடுத்தது, வேறு வகை இண்டிகேட்டர் (எடையைக் காட்டும் கருவி) அனுப்பும் வரியைப் படிக்கும் வசதி. காவேரிப்பட்டணம் பக்கத்து வாடிக்கையாளருக்கான பிராஞ்ச் இதைச் சுட்டியது. இரண்டும் வேண்டும். எதை விட்டாலும் தப்பு.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ரெப்போக்களை ஒரே கம்ப்யூட்டரில் ஃபோல்டர்களாக வைத்துச் சோதித்தால், சப்மாட்யூல் சேர்க்கும்போதே ‘டிரான்ஸ்போர்ட் ஃபைல் நாட் அலவ்ட்’ என்று கிட் நின்றுவிடும். 2022 அக்டோபரில் வந்த பாதுகாப்புத் திருத்தத்திலிருந்து அப்படித்தான். ‘ப்ரோட்டோகால்.ஃபைல்.அலவ்’ என்ற செட்டிங்கை அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் ‘ஆல்வேஸ்’ என்று கொடுங்கள். நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டாம்.

முதலில் சப்மாட்யூல். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் கிட்டை எழுதினார், 2007-ல் சப்மாட்யூல் அதில் சேர்ந்தது. வெளி ரெப்போ உள் ரெப்போவின் ஃபைல்களை வைத்துக்கொள்வதில்லை. 160000 என்ற மோடில் ஒரே ஒரு பதிவு, அதில் உள் ரெப்போவின் ஒரு கமிட்டுடைய (நிரலைப் பதிந்துவைத்த ஒரு நிலை) 40 எழுத்து ஹாஷ், அதாவது அதன் அடையாளம். அவ்வளவுதான் வெளி ரெப்போவுக்குத் தெரியும். மெர்ஜில் வரும் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது.

எளிய நிலைகளில் கிட் சரியாக நடந்துகொண்டது. ஒரு பிராஞ்ச் சுட்டும் கமிட் மற்றதற்கு முன்னோராக இருந்தால், புதியதை அதுவே எடுத்துக்கொண்டு ‘ஃபாஸ்ட் ஃபார்வர்டிங் சப்மாட்யூல்’ என்று ஒரு வரி சொல்கிறது. ஆனால் உள் ரெப்போ கம்ப்யூட்டரில் எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த இரண்டு கமிட்டுகளும் அதில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ‘நாட் செக்ட் அவுட்’ அல்லது ‘கமிட்ஸ் நாட் ப்ரெசென்ட்’ என்று காரணத்தோடு மோதலாக்கிவிடும். உள் ரெப்போவில் யாரோ ஏற்கெனவே இரண்டையும் சேர்த்து மெர்ஜ் செய்து வைத்திருந்தால், அந்தக் கமிட்டைத் தேடிப் பிடித்து, ‘இது தீர்வாக இருக்கலாம்’ என்று ஹாஷைக் காட்டுகிறது. தானாக எடுத்துக்கொள்வதில்லை. எடுப்பதும் விடுவதும் நம் முடிவு. அது எனக்குப் பிடித்திருந்தது.

கிளைகள் நிஜமாகவே பிரிந்திருக்கும் நிலைதான் முக்கியம். இதை நானே செய்து பார்த்தால் விடை தெரிந்தவன் பரீட்சை எழுதியது போல ஆகிவிடும் என்று, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்த தம்பியிடம் எந்தக் குறிப்பும் சொல்லாமல் கொடுத்தேன். சாதாரண ஃபைல் மோதல்களை நன்றாகத் தீர்க்கக்கூடியவர்.

மெர்ஜ் கொடுத்தார். ‘மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்’ என்று எடைமேடை ஃபோல்டரின் பெயரோடு வந்தது. ஸ்டேட்டஸில் ‘போத் மாடிஃபைட்’ என்று அதே பெயர்.

“அண்ணா, கான்ஃப்ளிக்ட்னு சொல்லுது. ஆனா உள்ள போய்ப் பார்த்தா எந்த ஃபைல்லயும் மார்க்கர் இல்லையே?”

இல்லைதான். சாதாரண மோதலில் கிட் ஃபைலுக்குள்ளேயே அம்புக்குறிகளைப் போட்டு இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று வைத்துவிடும். நாம் அதை நீக்காமல் விட்டால் நிரலே ஓடாது. இங்கே மோதுவது இரண்டு ஹாஷ்கள். திறந்து பார்க்க ஒன்றும் கிடையாது. உள் ஃபோல்டரில் இருப்பது மெயின் பிராஞ்ச் சுட்டிய கமிட், மெர்ஜுக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே, சுத்தமாக.

தம்பி கொஞ்ச நேரம் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்து ‘கிட் ஆட்’ கொடுத்து, எல்லாவற்றையும் சேர் என்று அர்த்தமுள்ள புள்ளியையும் அடித்தார், கமிட் செய்தார். டெஸ்டுகளை ஓட்டினார். எல்லாம் பச்சை.

“முடிஞ்சுதுண்ணா.”

இண்டிகேட்டர் வசதி போயே போய்விட்டது. ‘கிட் ஆட்’ என்றால், சப்மாட்யூலைப் பொறுத்தவரை, உள்ளே இப்போது எந்தக் கமிட் நிற்கிறதோ அதைப் பதிந்துகொள் என்று அர்த்தம். நின்றது மெயினுடைய கமிட். ஆகவே மோதல் மெயினுக்குச் சாதகமாகத் தீர்ந்துவிட்டது, யாரும் அப்படி முடிவு செய்யாமலே. டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? அந்த வசதிக்கான டெஸ்டும் அதே நூலகத்துக்குள் அதே கமிட்டில்தான் இருந்தது. வசதியோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது.

இதைவிட மோசமானது அடுத்து வருவது. வெளி ரெப்போவின் வரலாற்றில் காவேரிப்பட்டணம் பிராஞ்ச் மெர்ஜ் ஆகிவிட்டது என்று பதிவாகிவிட்டது. மறுபடி மெர்ஜ் கொடுத்தால் ‘ஆல்ரெடி அப் டு டேட்’ என்கிறது. கிட்டைப் பொறுத்தவரை அந்த வேலை வந்து சேர்ந்த வேலை. இனி யாராவது ஆலைக்குப் போய், ஏன் இந்த இண்டிகேட்டரில் எடை வரவில்லை என்று தேடி, நூலகத்தின் வரலாற்றைத் தோண்டினால்தான் தெரியும்.

தம்பி மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கிட்டும் எச்சரிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2.38 பதிப்பிலிருந்து இந்த மோதலுக்கு நல்ல குறிப்பு ஒன்று வருகிறது: சப்மாட்யூலுக்குள் போ, இன்ன கமிட்டை மெர்ஜ் செய் அல்லது இரண்டையும் ஏற்கெனவே சேர்த்த கமிட்டுக்கு மாறு, பிறகு வெளியே வந்து ஆட் கொடு. ஹாஷையும் எழுதிக் காட்டுகிறது. பழைய பதிப்புகளில் இந்த வழிகாட்டல் இல்லை. ஆனால் குறிப்பு ஓடிப்போன பிறகு தடுப்பதற்கு எதுவும் இல்லை. படிக்காமல் ஆட் கொடுத்தவரையும், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து ஆட் கொடுத்தவரையும் கிட் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. என்னுடைய பெரிய குறை இதுதான்.

சரியான வழி இப்படி. உள் ஃபோல்டருக்குப் போங்கள். ‘சப்மாட்யூல் அப்டேட்’ அங்கே எந்தப் பிராஞ்சிலும் இல்லாமல் ‘டிட்டாச்ட் ஹெட்’ நிலையில்தான் விட்டிருக்கும். அந்த நிலையிலேயே மெர்ஜ் செய்தால் அந்தக் கமிட்டுக்கு ஊர் பேர் இருக்காது, அடுத்த அப்டேட்டில் ரெஃப்லாகில் (கிட் தன் நகர்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) போய்த் தேட வேண்டி வரும். ஆகவே முதலில் ஒரு பிராஞ்ச் உண்டாக்குங்கள். மற்ற பக்கத்துக் கமிட்டை மெர்ஜ் செய்யுங்கள். இப்போது ஃபைல்களில் மோதல் இருந்தால் வழக்கமான மார்க்கர்களோடு வரும், தீர்த்துவிடுங்கள், கமிட் செய்யுங்கள், புஷ் செய்யுங்கள், அதாவது சர்வருக்கு அனுப்புங்கள். அதன் பிறகே வெளியே வந்து ஆட், கமிட்.

கிட் ஏன் இதைத் தானே செய்யக் கூடாது? நியாயமான காரணம் இருக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறொருவருடைய ரெப்போவாக இருக்கும். அதில் நமக்குக் கமிட் செய்யும் உரிமையே இல்லாமல் இருக்கலாம். நம் மெர்ஜுக்காக அங்கே புதுக் கமிட்டை உண்டாக்குவது சரியாக வராது. இதை ஒப்புக்கொள்கிறேன். செய்யாமல் இருப்பது சரி, ஆனால் செய்யாமல் விட்டதைக் கடைசி நேரத்தில் இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

மோதலே இல்லாத மெர்ஜிலும் ஒரு குழி இருக்கிறது. மெர்ஜ் சுத்தமாக முடிந்து வெளி ரெப்போ புதிய ஹாஷைச் சுட்டும், ஆனால் ‘கிட் மெர்ஜ்’ உள் ஃபோல்டரைப் புதுப்பிக்காது, அது பழைய கமிட்டிலேயே நிற்கும். ஸ்டேட்டஸில் ‘மாடிஃபைட், நியூ கமிட்ஸ்’ என்று வரும். அதைப் பார்த்ததும் ஏதோ நாம்தான் மாற்றியிருக்கிறோம் என்று தோன்றும். அப்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கமிட் கொடுத்தால் சுட்டி பின்னோக்கிப் போய்விடும். மெர்ஜ் முடிந்த கையோடு ‘கிட் சப்மாட்யூல் அப்டேட்’, ‘இனிட்’, ‘ரிகர்சிவ்’ இரண்டையும் சேர்த்து ஓட்டிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ‘சப்மாட்யூல்.ரிகர்ஸ்’ செட்டிங் போட்டால் புல் (சர்வரிலிருந்து இழுப்பது), செக்அவுட் (வேறு கிளைக்கு மாறுவது) எல்லாம் உள்ளேயும் புதுப்பிக்கும், தனியாக மெர்ஜ் கொடுத்தால் புதுப்பிக்காது. குளோனுக்கும் (ரெப்போவை முழுதாக நகலெடுப்பது) இந்த செட்டிங் செல்லாது, அங்கே தனியாகக் கேட்க வேண்டும்.

உள்ளே செய்த கமிட்டைப் புஷ் செய்யாமல் வெளியே மட்டும் புஷ் செய்துவிட்டால், அடுத்தவருடைய அப்டேட் ‘நாட் அவர் ரெஃப்’ என்று விழும். ‘புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ்’ என்பதை ‘செக்’ என்று வைத்தால் வெளிப் புஷ்ஷையே கிட் மறுத்துவிடும். ‘டிஃப்.சப்மாட்யூல்’ என்பதை ‘லாக்’ என்று வைத்தால் வெறும் ஹாஷுக்குப் பதிலாக என்னென்ன கமிட்டுகள் சேர்ந்தன, விலகின என்று தலைப்புகளோடு காட்டும். எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இப்போது இவை இருக்கின்றன. கிட்டை நிறுவியதுமே இப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவது அடுக்கையும் மோத விட்டேன். அடியிலிருந்து மேலே வர வேண்டும்: சீரியல் நூலகத்தில் மெர்ஜ், புஷ்; எடைமேடையில் அந்தச் சுட்டியைப் பதிந்து மெர்ஜ், புஷ்; கடைசியில் ஆலை. சிக்கல் என்னவென்றால், வெளியே மெர்ஜ் கொடுக்கும்போது எடைமேடையில் மோதல் என்று மட்டும்தான் தெரியும். அதற்கு அடியிலும் ஒன்று இருக்கிறது என்பது எடைமேடைக்குள் போய் மெர்ஜ் கொடுத்த பிறகுதான் தெரிய வரும். வேலை நடக்கிறது, தப்பில்லாமல் நடக்கிறது, ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் ‘ஆட்’ என்ற அதே குழி காத்திருக்கிறது. இரண்டு அடுக்குக்கு மேல் போகவே வேண்டாம் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்து சப்ட்ரீ. 2012-லிருந்து கிட்டோடு வருகிறது. நூலகத்தின் ஃபைல்களையே வெளி ரெப்போவுக்குள் ஒரு ஃபோல்டரில் கொண்டுவந்து வைத்துவிடும். சுட்டி கிடையாது, குளோன் செய்தால் எல்லாம் வந்துவிடும். அதே இரண்டு மாற்றங்களை வைத்து மெர்ஜ் கொடுத்தேன். வெவ்வேறு இடங்களில் இருந்த மாற்றங்கள் தானாகச் சேர்ந்தன. எடையைப் படிக்கும் ஃபங்ஷனில் இரண்டு பேரும் கை வைத்திருந்த இடம் மட்டும் மார்க்கரோடு நின்றது. போச்சம்பள்ளியிலிருந்து வரும் தங்கை அதைத் திறந்து, இரண்டையும் படித்துப் பார்த்துச் சேர்த்துவிட்டார். “இதுல என்னண்ணா டெஸ்ட் இருக்கு?” என்றார். ஒன்றுமில்லை என்பதுதான் சப்ட்ரீயின் பலம். யாரும் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

சுமை வேறு இடத்தில் வருகிறது. நூலகத்தில் செய்த திருத்தத்தைத் திருப்பி அனுப்ப ‘சப்ட்ரீ புஷ்’ கொடுத்தால், அது வெளி ரெப்போவின் வரலாறு முழுவதையும் அலசி, நூலகத்தைத் தொட்ட கமிட்டுகளை மட்டும் பிரித்தெடுக்கும். வரலாறு நீள நீள நேரம் ஆகும். ஒரே கமிட்டில் ஆலை நிரலையும் நூலகத்தையும் சேர்த்து மாற்றியிருந்தால், நூலகப் பாதி மட்டும் போகும், ஆனால் கமிட் செய்தி அப்படியே போகும். பொது நூலகத்தின் வரலாற்றில் ஏதோ ஒரு ஆலையின் பில் ஃபார்ம் பற்றி ஒரு வரி கிடக்கும். ஃபோல்டர் பெயரை ஒவ்வொரு முறையும் கையால் கொடுக்க வேண்டும். நூலகத்தின் வரலாற்றை ஒரே கமிட்டாக அமுக்கும் ‘ஸ்குவாஷ்’ ஆப்ஷனை ஒருமுறை கொடுத்து ஒருமுறை விட்டால் வரலாறு கலங்கிவிடும். நூலகத்துக்குள் சப்மாட்யூல் இருந்தால் இன்னும் தொல்லை: கிட், வெளி ரெப்போவின் வேர் ஃபோல்டரில் இருக்கும் ‘.கிட்மாட்யூல்ஸ்’ ஃபைலை மட்டும்தான் படிக்கும், உள் ஃபோல்டரில் வந்து சேர்ந்ததைக் கண்டுகொள்ளாது. ‘நோ சப்மாட்யூல் மேப்பிங் ஃபவுண்ட்’ என்று நிற்கும். சீரியல் நூலகத்தையும் சப்ட்ரீயாக மாற்றிய பிறகுதான் எங்களுக்கு ஓடியது.

மெர்க்யூரியலை எடுத்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. கிட் பிறந்த அதே 2005-ல் வந்தது இது. அதே மோதலைக் கொடுத்ததும், இந்தச் சப்ரெப்போ பிரிந்துவிட்டது, நம் பக்கம் இந்தக் கமிட், அந்தப் பக்கம் அந்தக் கமிட் என்று காட்டிவிட்டுக் கேட்கிறது: மெர்ஜ் செய்யவா, லோக்கலை வைக்கவா, ரிமோட்டை வைக்கவா? ஒன்றும் சொல்லாமல் என்டர் தட்டினால் மெர்ஜ். அதாவது கவனிக்காதவருடைய கையிலும் இரண்டு பேர் வேலையும் பிழைக்கும். உள்ளே போய் மெர்ஜை அதுவே தொடங்குகிறது. உள்ளே கமிட் செய்யாத மாற்றம் இருக்கும்போது வெளியே கமிட் கொடுத்தால், உள்ளே பாக்கி இருக்கிறது என்று மறுத்துவிடுகிறது. புஷ் கொடுத்தால் முதலில் உள் ரெப்போவை அனுப்பிவிட்டுத்தான் வெளியே வருகிறது. கிட்டில் நான் செட்டிங் செட்டிங்காகச் சேர்த்ததை இது பழக்கமாகவே வைத்திருக்கிறது.

ஆனால் மெர்க்யூரியல்காரர்களே சப்ரெப்போவை வேறு வழி இல்லாதபோது மட்டும் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ரெப்போக்களை வைக்க இடம் தரும் தளமான பிட்பக்கெட் 2020-ல் மெர்க்யூரியலைக் கைவிட்ட பிறகு ரெப்போவை வைக்க இடம் தேடுவதே கஷ்டம். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் கிட் மட்டும்தான் அறிவார்கள். நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எங்களால் அங்கே போக முடியாது.

சப்வெர்ஷனில் வேறு ரெப்போவை உள்ளே கொண்டுவரும் வழியான எக்ஸ்டர்னல்ஸ் பற்றிச் சுருக்கமாக. அது ஒரு ப்ராபர்ட்டியாக (ஃபோல்டரோடு ஒட்டிவைக்கும் குறிப்பு) இருப்பதால், மோதலைத் தள்ளிப்போட்டால் ‘.ப்ரெஜ்’ என்று முடியும் ஒரு ஃபைல் வருகிறது, அதில் இரண்டு பக்க மதிப்பும் இருக்கிறது. திறந்து பார்க்க ஒன்றாவது கிடைக்கிறது. உள்ளிருப்பதை மெர்ஜ் செய்வதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பழைய சப்வெர்ஷன் சர்வர் வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

எங்கள் முடிவு: எடைமேடை நூலகம் சீசனில் வாரத்துக்கு வாரம் மாறும், மாற்றுவதும் நாங்கள்தான். ஆகவே ஆலை ரெப்போக்களில் அது சப்ட்ரீ. எங்களுக்குச் சொந்தமில்லாத, எப்போதாவது மட்டும் பதிப்பு உயர்த்தும் வெளியார் நூலகங்கள் சப்மாட்யூல். உங்கள் குழு பெரிது, நூலகத்துக்கென்று தனி ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் எடைமேடை மாதிரியான நூலகத்துக்கும் சப்மாட்யூல் சரிப்படலாம், மேலே சொன்ன செட்டிங்குகளோடு.

சப்மாட்யூல் இருக்கும் ரெப்போக்களில் ‘ப்ரீ-கமிட்’ ஹூக் ஒன்று, அதாவது கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சின்ன நிரல், போட்டிருக்கிறோம். ‘மெர்ஜ் ஹெட்’ இருக்கிறதா, அதாவது மெர்ஜ் பாதியில் நிற்கிறதா என்று அது முதலில் பார்க்கும். நின்றால், ‘கிட் எல்எஸ்-ட்ரீ’ மூலம் மற்ற பிராஞ்ச் சுட்டிய உள் கமிட்டை எடுக்கும். உள் ஃபோல்டருக்குள் போய் ‘மெர்ஜ்-பேஸ்’ கட்டளையை ‘ஈஸ்-ஆன்செஸ்டர்’ ஆப்ஷனோடு ஓட்டி, நாம் பதியப்போகும் கமிட்டுக்குள் அது அடங்கியிருக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால் கமிட்டை நிறுத்தி, எந்த ஹாஷ் விடுபடுகிறது என்று சொல்லும். வேண்டுமென்றே ஒரு பக்கத்தை விடுகிறவர் ‘நோ-வெரிஃபை’ கொடுத்துப் போகலாம், அது அவர் தெரிந்து செய்ததாக இருக்கும். தம்பிக்குக் கொடுத்த அதே மெர்ஜை ஹூக்கோடு மறுபடி ஓட்டினோம், ஆட் கொடுத்த அடுத்த அடியில் நின்றது. மோதல் இல்லாமல் தானாக முடியும் மெர்ஜில் இந்த ஹூக் ஓடாது, அதற்கு ‘ப்ரீ-மெர்ஜ்-கமிட்’ என்று தனி ஹூக் உண்டு. ஹூக்குகள் குளோனோடு வருவதில்லை. ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ‘கோர்.ஹூக்ஸ்பாத்’ செட்டிங்கில் அந்த ஃபோல்டரைக் கொடுத்துவிடுங்கள்.